முற்றுத்தான் முக்கியம்

கொடிகாமத்துச் செல்கைப் பணிமனையைப் பற்றி ஊரில் பலரும் பலவிதமாகக் கதைக்கிறார்கள். எனக்கு அந்தக் கதை பிடிக்காது. அவர்கள் எனக்கு ஒரு அநியாயமும் செய்யவில்லை. நான் வாயால் சொன்னதைக் கையால் எழுதினார்கள், அவ்வளவுதான். வேறு கந்தோர்களில் நாம் ஒன்று சொன்னால் அவர்கள் இன்னொன்று எழுதுவார்கள். இவர்கள் ஒரு எழுத்தும் பிசகவில்லை. அதனால்தான் என் மனைவியும் மகளும் ரொறன்ரோவில் இருக்கிறார்கள், நான் உடுவிலில் இருக்கிறேன்.

என் பெயர் சோமசேகரம். வெங்காயமும் கொஞ்சம் முந்திரிகைக் கொடியும் செய்கிற கமக்காரன். மனைவி கனகாம்பிகை, கூப்பிடுவது கனகம். ஒரே மகள் நிரோஜா, போகும்போது ஏழு வயது. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆடி மாதம் பக்கத்து வளவில் குண்டு விழுந்து எங்கள் கிணற்றுக்கட்டுப் பிளந்தது. கிணற்றுக்கட்டைப் பூசிவிட்டோம். பிள்ளை கதைக்கிறதை நிறுத்திவிட்டாள். ஒன்பது நாள் ஒரு சொல் இல்லை. பத்தாம் நாள் "தண்ணி" என்றாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அந்தக் கையோடு கனகம் கனடாவில் இருக்கிற தன் தமையன் தியாகராசாவுக்குக் கடிதம் எழுதினாள்.

அவர் அங்கே செய்யவேண்டியதெல்லாம் செய்தார். அடுத்த ஆண்டு பங்குனியில் தூதரகக் கடிதம் வந்தது. சித்திரை இருபத்தாறாம் திகதி காலை ஒன்பது மணிக்குக் குடும்பத்தார் கொழும்பில் நேரில் தோன்ற வேண்டும், தவறினால் கோப்பு மூடப்படும் என்று இருந்தது. கனகம் அதை ஏழெட்டுத் தரம் வாசித்தாள். பிறகு மிளகாய் வறுக்கத் தொடங்கினாள். கனடாவுக்குப் போகிற எங்கள் சனம் முதலில் செய்கிற வேலை அதுதான்.

கொழும்புக்குப் போவதென்றால் முதலில் யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு வெளியேற வேண்டும். அதற்கு இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். பதினைந்து கட்டை தூரம் சைக்கிள் மிதித்துக் கொடிகாமத்துக்குப் போனேன். பணிமனை ஒரு பெரிய கல்வீட்டில் இருந்தது. அவுஸ்திரேலியாவுக்குப் போன ஒரு டாக்குத்தரின் வீடு. சுவரில் அவர்களுடைய படங்கள் தொங்கிய இடங்கள் மட்டும் வெள்ளையாய்த் தெரிந்தன. குசினியில் சான்றிதழ்ப் பிரிவு, சாமியறையில் முத்திரைப் பிரிவு. வாசலில் ஒரு பலகை: "உறவுமுறை சொல்லி அழைத்தல் ஆகாது."

நான் பலகையை வாசிக்கவில்லை. வாசலில் இருந்த பெண்பிள்ளையிடம், "தங்கச்சி, பாஸ் எடுக்க வந்தனான். போம் ஒண்டு தாறியளே?" என்றேன்.

"இஞ்சை தங்கச்சியும் இல்லை, பாசும் இல்லை, போமும் இல்லை," என்றாள் அவள். "நான் வரவேற்பாளர். அது செல்கை அனுமதி. இது படிவம். மஞ்சளோ பச்சையோ?"

வித்தியாசத்தை அவளே விளக்கினாள். மஞ்சள் படிவம் ஒரேயடியாகப் போகிறவர்களுக்கு. முழுக் குடும்பமும் போகலாம், வீடு வளவைப் பணிமனைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பச்சை, போய்விட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கு. வீடு அவர்களுடையதாகவே இருக்கும், ஆனால் வரும்வரைக்கும் குடும்பத்தில் ஒருவர் இங்கே பிணையாக நிற்க வேண்டும். தவணை தொண்ணூறு நாள்.

வீட்டுக்கு வந்து கனகத்திடம் சொன்னேன். அது அவளுக்குத் தகப்பன் சீதனமாகக் கொடுத்த வீடு. அவள் சுளகில் இருந்த மல்லியைப் புடைத்துக்கொண்டே, "வீடு போனால் போகட்டும். பிள்ளை கதைக்கட்டும்," என்றாள். நான் மஞ்சளை நிரப்பினேன்.

பதினொரு பக்கம். படிவத்தோடு வைக்கவேண்டிய சான்றிதழ்கள் ஒன்பது. வாசிகசாலைப் புத்தகம் ஒன்றும் கையில் இல்லை என்று ஒன்று. கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர் விட்டுச் செல்கிறோம் என்று ஒன்று. எட்டாவது, வளர்ப்புப் பிராணியின் இணக்கச் சான்று. எங்கள் பசுவை அடுத்த வளவுத் தம்பிஐயாவுக்குக் கொடுப்பதாக இருந்தோம். பசு அதற்குச் சம்மதமா என்று பார்க்க ஒரு அலுவலர் சைக்கிளில் வந்தார். தம்பிஐயா கயிற்றைப் பிடித்து இழுத்தார், பசு அசையவில்லை. தவிடு காட்டினார், முகத்தைத் திருப்பியது. கடைசியில் கனகம் முன்னால் நடந்தாள், பசு பின்னால் போனது. அலுவலர் "நிபந்தனையுடன் இணங்கியது" என்று எழுதிக் கையொப்பமிட்டார். அன்றைக்குக் கனகம் சாப்பிடவில்லை.

ஒன்பதாவது சான்றிதழைப் பிரிவுத்துயர்ப் பிரிவில் எடுக்க வேண்டும். அங்கே செபநாயகம் என்று ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், மேசையில் பூவெல்லாம் வைத்திருந்தார்.

"ஊரை விட்டுப் போறதிலை உங்களுக்குக் கவலை இருக்கோ?" என்று கேட்டார்.

"இருக்கு," என்றேன்.

"எவ்வளவு? குறைவு, மத்திமம், அதிகம். மூண்டு பெட்டி இருக்கு."

அந்த நேரம் பசு நினைவுக்கு வந்தது. "அதிகம்," என்றேன்.

அவர் பேனையை வைத்தார். "யோசிச்சுச் சொல்லுங்கோ. அதிகம் எண்டு போட்டால், அவ்வளவு கவலை உள்ள மனிசன் ஏன் போறார் எண்டு மேலிடம் கேக்கும். குறைவு எண்டு போட்டால், மண்ணிலை பற்றில்லை எண்டு விசாரணைக்குப் போகும். உங்களுக்கு விளங்குதுதானே?"

"அப்ப மத்திமம் எண்டு போடுங்கோ."

"நான் சொல்லித் தந்ததாய் இருக்கக்கூடாது. நீங்களாய்ச் சொல்ல வேணும்."

"மத்திமம்."

அவர் எழுதினார். "இண்டைக்கு வந்த இருபத்தொரு பேரும் மத்திமம்தான். எங்கடை சனத்தின்ரை நிதானத்தை நினைக்க எனக்குப் பெருமையாய் இருக்கு," என்றார்.

இந்த ஓட்டத்துக்குள் வீட்டில் மற்ற ஆயத்தங்கள் நடந்தன. இரண்டு சூட்கேஸ். வெங்காயம் நிறுக்கிற தராசை முற்றத்து மாவில் கட்டி, ஒரு பக்கம் சூட்கேசும் மறுபக்கம் படிக்கல்லும் வைத்து நிறுத்தோம். எங்கள் உடுப்பு கால்வாசிதான். மிச்சமெல்லாம் அயலட்டையின் சாமான். தம்பிஐயாவின் மனைவி நல்லம்மா மொன்றியாலில் இருக்கிற மகனுக்கு எலுமிச்சங்காய் ஊறுகாய் கொண்டுவந்தாள். "உன்ரை அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலைதானாம், ஒருக்கா நடந்து போய்க் குடுத்துவிடு பிள்ளை," என்றாள். ஒழுங்கைச் சனம் ஒடியல் மா, புழுக்கொடியல், பருத்தித்துறை வடை, கோயில் திருநீறு என்று வரிசையாய் வந்தது. கனகம் ஒருவரையும் மறுக்கவில்லை. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் என் சேட்டு ஒன்று வெளியே வந்து திரும்ப உள்ளே போனது. நிரோஜா தராசுக்குப் பக்கத்தில் நின்று, "அப்பா, என்னையும் நிறுங்கோ," என்றாள். அவள் இப்போது ஒரு நாளைக்கு ஐந்தாறு வசனம் கதைத்தாள். ஒவ்வொன்றையும் நாங்கள் இருவரும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

சித்திரை பத்தாம் திகதி முத்திரை குத்துகிற நாள். கனகமும் நானும் போனோம். சாமியறையில் பொறுப்பாளர் இருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். பதினொரு பக்கத்தையும் ஒன்பது சான்றிதழையும் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை. வீட்டு உறுதியை வாங்கிக் கோப்பில் வைத்தார். முத்திரையை மையில் தோய்த்தார்.

எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வேன். ஒரு மாதம் ஓடிய ஓட்டம் முடிந்தது என்று எழும்பினேன். கையைக் கூப்பினேன். "சரி, அப்ப நாங்கள் போட்டு வாறம்," என்றேன்.

முத்திரை அந்தரத்தில் நின்றது.

"என்ன சொன்னனீங்கள்?"

"போட்டு வாறம் எண்டு சொன்னன்."

"வாறம் எண்டால் மீள்கை. இது செல்கைப் படிவம்."

"அது சும்மா வாயிலை வாறது தம்பி," என்றேன். தம்பி என்று சொன்னது அடுத்த பிழை. அவர் பலகையைக் காட்டினார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து இருந்துகொண்டு ஒரு சின்னப் பேச்சே பேசினார்.

"சும்மா வாயிலை வாறதைச் சொல்லுற இனமில்லை எங்கடை இனம். நாங்கள் சொல்லுக்கு மதிப்புக் குடுக்கிறனாங்கள். ஒரு மனிசன் போறன் எண்டு எழுதிப்போட்டு வாறன் எண்டு கதைச்சால், நாங்கள் எழுத்தை நம்புறதோ, அவரின்ரை வாயை நம்புறதோ? எழுத்தை ஆரும் எழுதலாம். வாய் அவரின்ரை சொந்த வாய். உங்களை மதிக்கிறபடியால்தான் உங்கடை வாயை நம்புறம்."

என்னை ஒருவரும் அவ்வளவு மதித்ததில்லை. கனகம்தான் வாயைத் திறந்தாள். "ஐயா, எங்கடை பக்கத்திலை போறன் எண்டு சொல்லி ஆரும் வெளிக்கிடுறேல்லை. அது கூடாத சொல்லு. கடைக்குப் போனாலும் போட்டு வாறன், காசிக்குப் போனாலும் போட்டு வாறன்."

"அப்ப இதை மொழி ஆலோசகர் தீர்க்கட்டும்," என்றார் பொறுப்பாளர்.

வந்தவரைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. முருகேசு மாஸ்ரர். ஐந்தாம் வகுப்பில் எனக்குத் தமிழ் படிப்பித்தவர், இலக்கணம் வராததற்காக என்னை வாங்கில் ஏற்றி நிறுத்தியவர். ஆனாலும் ஊர் மனிதர், வழக்கம் தெரிந்தவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நான் சொன்ன வசனத்தை ஒரு தாளில் எழுதச் சொல்லி வாங்கிப் பார்த்தார்.

"போட்டு என்பது போய்விட்டு என்பதன் மரூஉ. வினையெச்சம். எச்சம் தனிச்சு நிக்காது. வாறம் என்பது வினைமுற்று. ஒரு வசனத்திலை முற்றுத்தான் முக்கியம்," என்றார். என்னைப் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்தார். "ஆனபடியால் இந்த வசனம் இவை போகினம் எண்டு சொல்லேல்லை. வருகினம் எண்டுதான் சொல்லுது."

"மாஸ்ரர், உங்களுக்கு எங்கடை வழக்கம் தெரியாதே?" என்றேன்.

"வழக்கம் தெரியும் சோமசேகரம். ஆனால் என்னை இலக்கணத்துக்குத்தான் இஞ்சை வைச்சிருக்கினம்," என்றார். அவருடைய மகன் பச்சைப் படிவத்தில் போய் இரண்டு வருடம் என்று பிறகுதான் அறிந்தேன்.

பொறுப்பாளர் மஞ்சளைக் கிழிக்கவில்லை. மரியாதையாக மடித்து வைத்தார். வீட்டு உறுதியைத் திருப்பித் தந்தார். "பாத்தியளே, உங்கடை வீடு உங்களுக்கே," என்றார். பச்சைப் படிவத்தை நீட்டினார்.

"சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க ஏலாதே?" என்று கனகம் கேட்டாள்.

"ஏன் ஏலாது. சொல்மீட்புப் படிவம் இருக்கு. நாப்பத்தைஞ்சு நாள் எடுக்கும்."

எங்களுக்கு இருந்தது பதினாறு நாள்.

அன்று திரும்பி வருகிற வழியெல்லாம் கனகம் சைக்கிள் கரியரில் வீட்டு உறுதியை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கைதடிப் பாலத்தில் காற்று எதிர்த்து அடித்தது. இறங்கி உருட்டினோம். அப்போதுதான் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, பேசாமல் எழும்பி வந்திருக்கக் கூடாதே?"

"வாய்க்குப் பழகிப் போச்சு கனகம்," என்றேன்.

"எனக்கும் அதுதான் நாக்கு நுனியிலை நிண்டது. நீங்கள் முந்தியிட்டியள்," என்றாள். பிறகு பாலத்தின் நடுவில் நின்று அழுதாள். நானும் அழுதேன். போகிற வருகிற சனம், எங்கோ சாவீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்து வழி விட்டது.

தம்பிஐயா அருமையான மனிதர். எனக்குப் பதிலாகத் தான் பிணை நிற்பதாக மறுநாளே என்னோடு கொடிகாமம் வந்தார். செபநாயகம் அவரைச் சோதித்தார். இவர்கள் வராவிட்டால் உங்களுக்குக் கவலை எவ்வளவு என்று கேட்டதற்கு மனிதர் உண்மையைச் சொன்னார்: "இருக்கும்தான், ஆனால் பசு நிண்டால் சமாளிப்பன்." அயலவர் கவலை பிணைக்குப் போதாது என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். பிள்ளையைத் தாயோடு விட வேண்டும். கனகத்தின் தமையன்தான் கூப்பிட்டவர். மிஞ்சியது நான்.

சூட்கேசைத் திரும்பத் திறந்தோம். என் சேட்டு நான்கு, சாரம் மூன்று, கலியாண வேட்டி ஒன்று, எல்லாவற்றையும் கனகம் ஒவ்வொன்றாக எடுத்து என் மடியில் வைத்தாள். திரும்பவும் மாவில் தராசைக் கட்டி நிறுத்தோம். ஒரு மாதமாய் எந்தப் பக்கம் மாற்றி வைத்தும் ஒத்து வராத நிறை அன்றைக்குத்தான் சொல்லிவைத்தாற்போல் சரியாக வந்தது. கனகம் முள்ளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உங்கடை சேட்டு ஒண்டை நான் வைச்சிருக்கிறன். ஊறுகாய் நிக்கட்டும்," என்றாள். நல்லம்மாவின் ஊறுகாய் நின்றுவிட்டது. பாவம், அவளுக்கு இன்றைக்கும் நான் அதைச் சொல்லவில்லை.

சித்திரை பதினெட்டாம் திகதி பின்னேரம் மூன்று மணிக்கு அவர்களைப் பணிமனை வாசலுக்குக் கூட்டிப் போனேன். கிளாலிக்குப் போகிற ட்ரக்ரர் பெட்டி நிறையச் சனத்தோடு நின்றது. அங்கிருந்து வள்ளத்தில் கடலேரியைத் தாண்ட வேண்டும். ஏறுவதற்கு முன் ஒரு சடங்கு பாக்கி இருந்தது. வாய்மொழி உறுதி. பச்சைப் படிவக்காரர் ஒவ்வொருவரும் பிணையின் முகத்தைப் பார்த்து, தெளிவாக, உரத்து, "போட்டு வாறம்" என்று சொல்ல வேண்டும். அந்த விதி எங்கள் விடயத்துக்குப் பிறகு கொண்டுவந்ததாம். பொறுப்பாளர் பெருமையோடு சொன்னார். முருகேசு மாஸ்ரர் பக்கத்தில் நின்று வினைமுற்றைச் சரிபார்த்தார்.

கனகம் சொன்னாள். குரல் உடைந்ததால் இரண்டாந் தரமும் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள்.

நிரோஜா வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

"பிள்ளை சொல்லாட்டில் பிள்ளை போகேலாது," என்றார் பொறுப்பாளர்.

ட்ரக்ரர்க்காரன் எஞ்சினைப் போட்டுவிட்டான். அந்த ஒன்பது நாள் திரும்ப வந்துவிட்டதோ என்று பயந்தேன். முழங்காலில் இருந்து அவள் முகத்தைப் பிடித்தேன்.

"சொல்லம்மா. ஒரு சொல்லுத்தானே."

அவள் என் காதுக்குள் வாயை வைத்தாள். "சொன்னால் என்னையும் மறிப்பினம். நீங்கள் சொன்னதாலைதானே உங்களை மறிச்சவை."

ஏழு வயதுப் பிள்ளை. பணிமனையின் சட்டத்தை என்னைவிட நன்றாக விளங்கி வைத்திருந்தாள்.

"பெரியாக்கள் சொன்னால்தான் மறிப்பினம். சின்னப்பிள்ளையள் சொன்னால் விட்டுடுவினம்," என்றேன்.

"அப்ப நான் சொன்னால் உங்களையும் விடுவினமே?"

அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு நான், "ஓம்," என்றேன். என் பிள்ளைக்கு நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அவள் நிமிர்ந்து நின்றாள். பொறுப்பாளரைப் பார்த்து, ட்ரக்ரர்ச் சத்தத்துக்கு மேலால், "போட்டு வாறம்," என்று கத்திச் சொன்னாள். அந்தக் குண்டு விழுந்த நாளுக்குப் பிறகு அவள் அவ்வளவு உரத்துக் கதைத்து நான் கேட்டதில்லை. மாஸ்ரர் தலையாட்டினார். பொறுப்பாளர் எழுதினார்.

நிரோஜா என் கையைப் பிடித்து ட்ரக்ரர் பக்கம் இழுத்தாள். "வாங்கோப்பா. நான் சொல்லிப்போட்டன்," என்றாள்.

அவளைத் தூக்கிப் பெட்டிக்குள் கனகத்தின் மடியில் வைத்தேன். விரலை ஒவ்வொன்றாய்க் கழற்ற வேண்டியிருந்தது. எல்லாருக்கும் கேட்க, "போட்டு வாங்கோ," என்றேன். பிறகு கனகத்தின் காதோடு, எங்கள் ஊரில் ஒருவரும் ஒருவருக்கும் சொல்லாத சொல்லைச் சொன்னேன்: "வந்திடாதை."

அவள் தலையாட்டினாள். ட்ரக்ரர் வெளிக்கிட்டது.

தொண்ணூறு நாள் போய் ஒரு வருடமும் போய்விட்டது. நான் இப்போது நிலையான பிணை, இலக்கம் நானூற்றுப் பதினேழு. நிலையான பிணைகளுக்குப் பணிமனை வேலையும் கொடுக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். செபநாயகம் மாற்றலாகிப் போனதால் செவ்வாயும் வெள்ளியும் பிரிவுத்துயர்ப் பிரிவில் நான்தான் இருக்கிறேன். பூ வைக்கிறேன். வருகிறவர்களிடம் மூன்று பெட்டியையும் காட்டி, யோசித்துச் சொல்லச் சொல்கிறேன்.

தியாகராசா அத்தான் போன கிழமை எழுதியிருந்தார். நிரோஜா அங்கே பள்ளிக்கூடத்தில் நன்றாகக் கதைக்கிறாளாம். இங்கிலீசில்தான் கதைக்கிறாளாம். வீட்டை விட்டு வெளிக்கிடும்போது மட்டும் ஒன்றும் சொல்லாமல் போகிறாளாம், என்ன பழக்கம் இது, நீங்கள் பிள்ளைக்கு ஒன்றும் பழக்கவில்லையா என்று கேட்டிருந்தார்.

பிணைகளும் மாதம் ஒருமுறை தங்கள் கவலையைப் பதிய வேண்டும் என்பது விதி. இன்று என்னுடைய நாள். படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தேன். கவலை எவ்வளவு என்று கேட்டேன். யோசித்துச் சொல்லும்படியும் சொன்னேன். பிறகு மத்திமம் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.